ஹானர்ஸா, ஏபியா? 11ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நாங்கள் போட்ட கணக்கு

பிப்ரவரி பிறந்தால் போதும், நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். அடுத்த வருடத்துக்கு என்ன பாடம் எடுக்க வைப்பது? கணக்கு, அறிவியல் என்றால் யாரும் யோசிப்பதே இல்லை. எவ்வளவு மேலே ஏற விடுகிறார்களோ அவ்வளவு. ஆங்கிலத்துக்கு வரும்போதுதான் ஆளாளுக்குத் தடுமாறுகிறோம். சாதாரண வகுப்பு, அதைவிடக் கடினமான ஹானர்ஸ், கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி என்று மூன்று படி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் என் மகளுக்காக இதே குழப்பத்தில் உட்கார்ந்து, கடைசியில் ஹானர்ஸ் என்று முடிவு செய்தோம். இப்போது 10ஆம் வகுப்பில் இருக்கும் மகன் அதே படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான்.

சாதாரண வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வகுப்புதான். அறிவியல் பாடங்களிலேயே மூச்சு முட்டும் பிள்ளை அதை எடுத்தால் குடி முழுகிவிடாது. போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் மதிப்பெண் சராசரி. எங்கள் பள்ளியில் ஹானர்ஸுக்கு அரைப் புள்ளி கூடுதல், ஏபிக்கு ஒரு புள்ளி. ஊருக்கு ஊர் இது மாறும், உங்கள் பள்ளிக் கையேட்டைப் பாருங்கள். ஏபிக்கு மே மாதம் பொதுத்தேர்வு உண்டு, கட்டணம் 2025இல் 99 டாலர். 5க்கு 4 அல்லது 5 வாங்கினால் பல கல்லூரிகளில் ஒரு பாடத்தை எடுக்காமல் தப்பலாம். எது ஏற்கும், எது ஏற்காது என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். ஹானர்ஸுக்கு வெளித்தேர்வு கிடையாது.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் 11ஆம் வகுப்புக்கு வைத்திருக்கும் ஏபி, இலக்கிய வகுப்பே இல்லை. ஏபி லாங் (லாங்குவேஜ், அதாவது மொழி) என்பார்கள். சொற்பொழிவு, கடிதம், பத்திரிகைக் கட்டுரை இவற்றை எடுத்துவைத்து, எழுதியவர் வாசகரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பிரித்துப் பார்க்கும் வகுப்பு அது. கதை, கவிதை, நாடகம் எல்லாம் ‘ஏபி லிட்’ என்கிற இலக்கிய வகுப்பில். அது 12ஆம் வகுப்புக்கு. ஆகவே 11ஆம் வகுப்பில் நாவல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஹானர்ஸ்தான் இலக்கியம். என் மகளுக்கு இதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதிக்குப் பெயர், திருத்தி எழுதுதல். நான் அடித்துச் சொல்வதும் இந்த ஒன்றைத்தான்.

ஹானர்ஸில் முதல் பெரிய கட்டுரை, 1925இல் வெளிவந்த ‘த கிரேட் கேட்ஸ்பி’ நாவலைப் பற்றியது. வளைகுடாவுக்கு அக்கரையில், பழைய காதலி டெய்சியின் வீட்டுப் படகுத்துறையின் நுனியில் எரியும் பச்சை விளக்கை நாயகன் கேட்ஸ்பி ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான். ‘பச்சை விளக்கு அவனுடைய நம்பிக்கையின் குறியீடு’ என்று மகள் எழுதிக் கொடுத்தாள். 95க்குக் கீழே பார்த்திராத பெண்ணுக்கு 78 வந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று இடத்தில் ஒரே கேள்வி: ‘அதனால் என்ன?’

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அழுகை. “அம்மா, எல்லாரும் இதைத்தான் எழுதினாங்க.” அதுதானே சிக்கல் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மறுபடி போடுவது அந்த ஆசிரியரின் வழக்கம். ஒட்டுச்சீட்டுகள் பிதுங்கி நிற்கும் புத்தகத்தை மறுபடி திறந்தாள். டெய்சி கடைசியில் கேட்ஸ்பியின் வீட்டுக்கே வந்து பக்கத்தில் நிற்கும்போது, அந்தப் பச்சை விளக்கு மறுபடியும் வெறும் விளக்காகிவிடுகிறது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். கைக்கு எட்டாத வரைதான் அதற்கு மதிப்பு. இரண்டாம் வரைவில் இதைப் பிடித்தாள். மூன்றாவதில் அந்த ‘மறுபடியும்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே ஒரு பத்தி எழுதினாள். ஓரத்தில் இருந்த கேள்வி மறைந்தது. மதிப்பெண் 93.

நான் ப்ளஸ் டூவில் ‘நயம் பாராட்டுக’ கேள்விக்கு எதுகை இது, மோனை இது, அணி இது என்று அடுக்கிவிட்டு முழு மதிப்பெண் வாங்கியவள். எதுகை இருக்கிறது, அதனால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோனார் உரையிலும் பதில் இருந்திருக்காது!

மூன்று வரைவு எழுத வைக்க ஏபி லாங் வகுப்பில் பொழுது கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம். அங்கே ஆசிரியரே நினைத்தாலும் தேர்வு விடாது. முதலில் ஒரு மணி நேரத்தில் 45 கொள்குறி வினாக்கள். பிறகு 2 மணி 15 நிமிடத்தில் 3 கட்டுரைகள். கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி: கருத்துரைக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1. ஆகவே வகுப்பு முழுக்க 40 நிமிடக் கட்டுரைப் பயிற்சி, அடுத்தது, அடுத்தது. வேகம் வரும். எழுதியதற்குத் திரும்பிப் போகும் பழக்கம் வருமா என்பதுதான் என் சந்தேகம்.

ஏபி லாங் பற்றி நான் சொல்வதெல்லாம் கேள்வி ஞானம். தோழி ஒருத்தியின் மகன் எடுத்தான், தமிழ்ப் பள்ளிக்குக் காரில் போய்வரும்போது கேட்டுக்கொண்டது. அவனுக்கு அந்த வகுப்பு அப்படிப் பிடித்திருந்தது. செய்தித்தாளைப் படித்தால் இப்போது எங்கே கயிறு திரிக்கிறார்கள் என்று தெரிகிறது ஆன்ட்டி என்றான். பொய்யில்லை, கல்லூரியில் எந்தத் துறைக்குப் போனாலும் உதவுகிற பாடம்தான். விவாதப் போட்டிக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

வேலைப்பளுவில் ஹானர்ஸ் லேசு என்று நினைத்தால் தப்பு. கோடை விடுமுறையில் இரண்டு புத்தகம், பள்ளி தொடங்கியதும் வாரத்துக்கு 60, 70 பக்கம், பக்க ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறதா என்று சோதனை, சொல்வளத் தேர்வு. மாதம் ஒரு முறை வட்டமாக உட்கார்ந்து மாணவர்களே நூலை விவாதிக்க வேண்டும். ஆசிரியர் வாய் திறக்காமல் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடு போட்டுக்கொண்டிருப்பார். என் மகள் வாயாடி இல்லை. முதல் இரண்டு மாதம் அதிலேயே மதிப்பெண் போயிற்று. கட்டுரைகளில் பாதி வகுப்பிலேயே கையால் எழுதியவை. காரணம் சாட்ஜிபிடி என்று சொல்லத் தேவையில்லை.

ஹானர்ஸின் ஓட்டை எங்கே என்றால், எல்லாம் ஆசிரியர் கையில். வெளித்தேர்வு இல்லாததால் ஒரு வகுப்பில் வாங்கும் ஏ, பக்கத்து வகுப்பில் வாங்கும் ஏ-வுக்குச் சமமா என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. திருத்த விடாத ஆசிரியர் அமைந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையையே தலைகீழாக எழுதியிருப்பேன். அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பருவத்துக்கு எத்தனை கட்டுரை, அதில் எத்தனையைத் திருத்தித் தரலாம் என்று கேளுங்கள். இந்த வருடம் நான் கேட்டேன். நான்கு கட்டுரை, இரண்டைத் திருத்தலாம் என்று பதில் வந்தது.

மகள் இப்போது 12இல் ஏபி லிட் படிக்கிறாள். 40 நிமிடக் கட்டுரைக்கு முதலில் திணறினாள், தீபாவளிக்குள் பழகிவிட்டது. மே மாதத் தேர்வில் என்ன வரும் என்று இப்போதே சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை.

மகனிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “கேட்ஸ்பி எத்தனை பக்கம்மா?” அக்கா வைத்திருக்கும் பதிப்பில் 180 என்றேன். ஹானர்ஸுக்கு நேரே டிக் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். மூன்று வரைவுக் கதையை அவன் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.