காளைப் படத்தில் போன 46,000 ரூபாய்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். எருது விடும் விழா என்றால் வேலை வெட்டியை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் நான். 'டிஜிட்டல் காளை' என்றதும் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மச்சான்தான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். (அவரும் பணம் போட்டு ஏமாந்தவர்தான், அவர்மேல் கோபமில்லை.) ஒரு காளைப் படம் 5,000 ரூபாய். பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம்) பதிவாகும், யாராலும் அழிக்க முடியாது என்றார்கள். ஆப்பில் காளையை ஓடவிட்டால் டோக்கன், அதாவது அவர்களே உண்டாக்கிய டிஜிட்டல் காசு. டோக்கன் சேர்ந்தால் வாரக் குலுக்கலில் பைக். எட்டுக் காளை வாங்கினேன்.

முதல் மாதம் 600 ரூபாய் பேங்குக்கே வந்தது. தூண்டில் புழு அதுதான். அப்புறம் திரையில் என் டோக்கன் மதிப்பு 1,12,000 ரூபாய் வரை ஏறியது, எடுக்கப் போனால் 90 நாள் பூட்டு. அந்த நேரம் பார்த்து எனக்குக் குலுக்கலில் பைக் விழுந்தது! வரி 6,000 கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். வரி என்றால் பான் எண்ணோடு அரசாங்கக் கணக்குக்குப் போக வேண்டும், நான் அனுப்பியதோ யாரோ ஒருவருடைய ஜிபே நம்பருக்கு. அன்றைக்கு அது உறைக்கவில்லை.

ஒரு காலையில் டோக்கன் விலை பைசாவுக்கும் கீழே. ஓசூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகன்தான் விளக்கினான். டோக்கனை ஒரு பக்கம், யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி ஓடும் கிரிப்டோ காயின்) மாதிரி வெளியே விலைபோகிற காயினை மறுபக்கம் என்று இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு வைப்பார்களாம். நாம் விற்றால் பணம் அந்தத் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் காயினை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். இனி கோடி டோக்கன் வைத்திருந்தாலும் வாங்க ஆளில்லை. "மாமா, திரையில் இருந்தது பணமே இல்லை, வெறும் நம்பர்" என்றான்.

சரி, அழியாத காளையாவது மிஞ்சுமா? பிளாக்செயினில் இருந்தது ஒரு எண்ணும் ஒரு லிங்க்கும் மட்டுமே. படங்கள் அவர்களுடைய சர்வரில் இருந்தன. சைட்டை மூடியதும் வாலெட்டில் (காளையும் டோக்கனும் காட்டுகிற ஆப்) எட்டு சாம்பல் கட்டங்கள். நஷ்டத்தை வருமான வரியிலாவது கழிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். இந்த மாதிரி சொத்தில் லாபம் வந்தால் 30% வரி, நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது, 2022 ஏப்ரலிலிருந்தே அப்படித்தான் என்றார்.

யாராவது இதே மாதிரி மாட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் சொன்னால்தான் பேங்கில் நிறுத்தி வைக்க வழியிருக்கிறது. நான் வெட்கப்பட்டுப் பதினோரு நாள் கழித்து அடித்தேன். யுபிஐ பரிவர்த்தனை எண், வாலெட் முகவரி இரண்டும் கேட்டார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்.

மச்சானுக்கு நேற்று அந்தக் கும்பலின் அதே நம்பரிலிருந்து புது மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் கூட்டமாம். இந்த முறை சேவல்.