டிசி காற்றாடி: நாலு வருசம் ஓடிய பிறகு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து வரிசை வீடுகளில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி, பழைய ரெகுலேட்டர் காற்றாடியைக் கழற்றிவிட்டு டிசி மோட்டாரில் ஓடி ரிமோட்டில் இயங்கும் டிசி காற்றாடி மாட்டலாமா என்பது. நாலு வருசம் ஓடி, போன மாதம் போர்டு (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகை) மாற்றிய ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

கரண்டு மிச்சம் உண்மைதான். பழைய காற்றாடி முழு வேகத்தில் 70, 75 வாட் இழுக்கும். இது 35 வாட்டுக்குள். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட் குறையும். 2025 ஜூலையில் வந்த கட்டணத்தில், 1,500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்குக் தள்ளுபடி கழிக்குமுன் யூனிட் 44.43 சென். ஆக ஒரு காற்றாடிக்கு மாதம் 8 வெள்ளி (ரிங்கிட்). ராத்திரி மெதுவாக வைத்தால் இன்னும் அருமை: உறுமல் இல்லை, ரெகுலேட்டர் சூடு இல்லை, காற்று மட்டும் வரும்.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் தீரவே இல்லை. கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் காற்றாடி நின்றுவிடும். ரிமோட்டை அழுத்தும்வரை அசையாது. தகரக் கூரைக்குக் கீழே, மழை நின்ற ராத்திரியில், படுக்கையிலிருக்கும் பாட்டி இருட்டில் ரிமோட்டைத் தேட வேண்டும். பழைய காற்றாடி தானாகவே சுற்றத் தொடங்கியிருக்கும். முன்பிருந்த வேகத்தை நினைவில் வைக்கும் மாடல்களும் உண்டு. இது அந்த வகையல்ல.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, சுவரிலுள்ள ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. குறைந்த வோல்டேஜில் போர்டு திரும்பத் திரும்ப அணைந்து எரியும், கடைசியில் கருகும். வயர்மேனிடம் சொல்லி அதைக் கழற்றி, சாதாரண சுவிட்சு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். காற்றாடி கழன்றாலும் விழாமல் தாங்கும் பாதுகாப்புக் கம்பியை விட்டத்தில் தனியாகக் கட்டினாரா என்று நின்று பாருங்கள்.

போர்டுக்கு எமன் இடி. சாயங்கால மழைக்கு முன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போர்டுக்குக் கரண்டு போய்க்கொண்டேதான் இருக்கும். மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) வைப்பதே சரியான வழி, எர்த் நன்றாக இருந்தால் மட்டும். பழைய காற்றாடி சுற்றச் சோம்பினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். சில வெள்ளியில் எந்த ஊரிலும் மாற்றலாம். டிசி காற்றாடிக்கோ அந்த மாடலுக்கென்றே செய்த போர்டு வேண்டும். அதன் விலை புதுக் காற்றாடியில் பாதியை நெருங்குகிறது. நாலு வருச மிச்சத்தில் ஒரு பெரிய துண்டு அதிலேயே போய்விட்டது.

ரேடியோ ரிமோட் என்றால் பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைக் காற்றாடியையும் சேர்த்து இயக்கும். ஒன்றைச் சுவிட்சில் அணைத்துவிட்டு, மற்றதைப் போட்டதும் கையேட்டில் சொன்ன நொடிகளுக்குள் பொத்தானை அழுத்திப் பிடித்து இணைத்தால் சரியாகும்.

கூடத்தில் இதுவே இருக்கட்டும், கழற்றும் எண்ணமில்லை. பாட்டியின் அறைக்கு, 8 வெள்ளி கூடப் போனாலும், ரெகுலேட்டர் காற்றாடிதான். பிடிவாதமாக டிசிதான் வாங்குவேன் என்றால், கடையில் மெயினை அணைத்துப் போடச் சொல்லி, தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.