கல்லடி மணலில் ஒரு கூட்டெருப் பீப்பாய்

அடிப்பாகம் இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் பீப்பாய், மேலே மூடி, பக்கமெல்லாம் காற்றுத் துளைகள், கீழே எருவை வாரி எடுக்க ஒரு சிறிய கதவு. மட்டக்களப்பு நகரத்து ஹாட்வெயார் கடைகளில் கூட்டெருத் தொட்டி என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ஒரு மாரியையும் ஒரு கோடையையும் எங்கள் வளவில் கண்டுவிட்ட பீப்பாய் பற்றியது இந்தக் குறிப்பு. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள், ஆனால் இரண்டாக வாங்குங்கள். விலை கடைக்குக் கடை வேறுபடுகிறது. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கல்லடியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் சுத்தமான மணல். காலையில் கொச்சி மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் கீழே போய்விடும். கடைப் பசளையும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து கிணற்றை நோக்கித்தான் இறங்கும். அதனால்தான் எனக்குக் கூட்டெரு மேல் இவ்வளவு அக்கறை. மக்கிய எரு கலந்த மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எரு போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் மாலையில் விரலால் கிளறிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பீப்பாயின் சிறந்த அம்சம் அடிப்பாகம் இல்லாததுதான். மண்புழுவும் மற்றப் பூச்சிகளும் நிலத்திலிருந்து நேரே மேலே ஏறி வருகின்றன. கழிவிலிருந்து வடியும் நீர் மணலுக்குள் போய்விடுகிறது. ஆனால் ஒக்டோபரில் மழை தொடங்கி மார்கழியில் கிணறு வாய்வரை நிரம்பும்போது நிலத்தடி நீர் மேலே வரும். அப்போது பீப்பாயின் அடி ஊறிப்போய்க் காற்றில்லாமல் அழுகும், அழுகினால் நாறும். இதற்கு வழி, மாரிக்கு முன்பே இடத்தைச் செங்கல் உயரத்துக்கு மணல் போட்டு மேடாக்கி, அதன்மேல் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை நெருக்கி அடுக்கிவிட்டுப் பீப்பாயை வைப்பது. பொச்சு எளிதில் மக்காது. பல மாதங்களுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும்.

மூடியில் எனக்குக் கடுமையான குறை உண்டு. அதன் நடுப்பகுதி குழிவாக இருக்கிறது. ஒரு மழை பெய்தால் கைப்பிடியைச் சுற்றித் தெளிந்த நீர் தேங்கி நிற்கிறது. டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட நீரைத்தான். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு இவ்வளவு உள்ள நாட்டில் ஒரு வீட்டுத் தோட்டப் பொருளை இப்படி வார்த்திருக்கக் கூடாது. நான் மூடிக்கு மேலே ஒரு கிடுகைச் சாய்வாகக் கட்டி விட்டிருக்கிறேன். அது மழைநீரை வழியவிடுகிறது, கோடையில் நிழலும் தருகிறது. ஆனால் இது உற்பத்தியாளர் கவனித்திருக்க வேண்டிய வேலை.

உள்ளே என்ன போடுவது என்பதில் எங்கள் மாமியின் சொல்லே சட்டம். “மகள், மீன் தலையை மட்டும் இதற்குள் போடாதே, தென்னைக்கடியில் ஆழமாகத் தாட்டுவிடு” என்றார். அவர் சொன்னது சரி. மீன் கழிவு போட்டால் பூனையும் நாயும் கதவைப் பெயர்த்துவிடும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த கறி மிச்சமும் வேண்டாம். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக் கோது எல்லாம் போகலாம். எங்கள் சமையலில் தினமும் மிஞ்சுவது பால் பிழிந்த தேங்காய்ப்பூ. அதை ஒரே இடத்தில் கொட்டினால் கட்டியாகிப் புளிக்கும். பரவலாகத் தூவிச் சருகால் மூட வேண்டும்.

சருகுதான் முக்கியம். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த பொருள் என்பது என் கணக்கு. கரிமமும் நைதரசனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சமையல் கழிவில் நைதரசன் கூடுதல், சருகிலும் வைக்கோலிலும் கரிமம் கூடுதல். மாவிலை, வேப்பிலைச் சருகு வளவிலேயே கிடைக்கும். அறுவடை முடிந்ததும் வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் தெரிந்தவர்களிடம் வைக்கோல் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் சேமித்து வைத்தால் மழைக்காலத்தில் கைகொடுக்கும். உமி மக்க நெடுங்காலம் எடுக்கும், அளவோடு சேருங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். ஓரிரு துளி கசிந்தால் போதும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

கோரையைக் கிழங்கோடு உள்ளே போடாதீர்கள். பெரிய எருக் குவியலில் நடுப்பகுதி 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகிக் களை விதைகள் சாகும். இந்தச் சின்னப் பீப்பாயில் அந்தச் சூடு நம்பும்படியாக ஏறுவதில்லை.

இனி, ஏன் இரண்டு? வீட்டுக் கழிவு தினமும் வரும். ஒரே பீப்பாயில் மேலே புதியது விழுந்துகொண்டே இருந்தால் கீழே உள்ளது ஒருபோதும் முழுதாக மக்கி முடியாது. கீழ்க்கதவால் எடுக்கலாம் என்று விற்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் பாதி எரு, பாதி தோல். நிறைந்ததை மூன்று நான்கு மாதம் மூடி வைத்து, இடையிடையே கிளறி, அடுத்ததை நிரப்புவதுதான் முறை. கடையில் இதை யாரும் சொல்வதில்லை, சொல்லவேண்டும். இரண்டுக்குப் பணம் இல்லையென்றால் இரண்டாவதைக் கோழிக்கம்பி வலையை வட்டமாக வளைத்துச் செய்துகொள்ளலாம். வேலை ஒன்றுதான்.

2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது எல்லோரும் கூட்டெருவைப் பற்றியே பேசினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியதும் பேச்சும் நின்றுவிட்டது. வயலுக்கு யூரியா தரும் 46 வீத நைதரசனை ஓரிரு வீதமே உள்ள கூட்டெருவிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் வீட்டுத் தோட்டத்து மணலைத் திருத்த இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்த செய்திகளை வாசித்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கோடு உணவுக் கழிவும் கலந்து போவதால்தான் அவை அங்கே வருகின்றன. சமையல் கழிவை வீட்டிலேயே மக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு பங்கைக் குறைக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கீழ்க்கதவின் கொக்கியைக் கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். என்னுடையது சீக்கிரமே தளர்ந்துவிட்டது; இப்போது கம்பி கட்டித்தான் மூடுகிறேன். மூடி குழிவில்லாமல் மேடாக உள்ள வகை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.