பைலட் வேஷம் போட்ட ஜனதா

நண்பர் ஒருவர் வீட்டு பீரோவில் கிடைத்த பழைய எச்.எம்.டி. வாட்சைப் படமெடுத்து அனுப்பி, "இது என்ன மாடல், என்ன தேறும்?" என்று கேட்டிருந்தார். கறுப்பு டயல், அதில் பைலட் என்ற பெயர், நேற்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் பல வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பதும் இதே ரகம்தான்.

என்னுடையது அப்பாவின் ஜனதா, அதுவும் ஒரு எச்.எம்.டி. மாடல்தான். பழைய போட்டோக்களில் எல்லாம் வெள்ளை டயல். என் கைக்கு வந்தபோது அது கறுப்பு டயல் 'பைலட்' ஆகியிருந்தது. நடுவில் எப்போதோ சர்வீஸுக்குப் போன இடத்தில் யாரோ டயலுக்குப் புது வண்ணம் பூசி, பெயரையும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். இரண்டு மாடலுக்கும் உள்ளே ஓடுவது ஒரே 0231 மெஷின் என்பதால் முள், டயல், கேஸ் எல்லாம் இடம் மாறிப் பொருந்திவிடும். ஜனதாவை விட பைலட்டுக்கு மவுசு அதிகம். அதனால்தான் இந்த வேஷம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். என்னுடையதில் மை கசிந்து எழுத்துகள் தடித்திருக்கின்றன, நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இல்லை. டயலைக் கழற்றியபோது விளிம்பில், கேஸ் மறைக்கும் இடத்தில், நூல் அகலத்துக்குப் பழைய வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, நடுவில் ராணுவச் சின்னம் என்று ஆன்லைனில் விற்கிற 'பைலட்'களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். லேசாக மஞ்சள் பூத்த, புள்ளி விழுந்த பழைய டயல் இருந்தால் அதுதான் சொத்து.

மெஷினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. இந்த மெஷினும் சிட்டிசன் வழி வந்ததுதான். 17 ஜுவல், அதாவது அச்சுகள் தேயாமல் சுழல வைத்த பொடிக் கற்கள். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சு, அடிபட்டாலும் உடையாமல் காக்கும் பாராஷாக் ஸ்பிரிங். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. இரவில் தலைமாட்டில் வைத்தால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும். காலையில் ஒரு தடவை சாவி கொடுத்தால் மறுநாள் காலை தாண்டியும் ஓடுகிறது. நாளொன்றுக்கு ஒரு நிமிடத்துக்குள் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். திடீரென்று நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பித்தால் பயந்து சர்வீஸுக்கு ஓட வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தம் வைத்த போன் உறையின் மேலோ வைத்து, பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கும். அதை எடுப்பது சில வினாடி வேலை.

சரி, நண்பர் என்ன செய்ய வேண்டும்? முதலில், ஓடுகிறதா பார்க்கிறேன் என்று சாவியை முறுக்க வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் பல் சக்கரங்களின் அச்சு தேயும். பின்மூடியைத் திறக்கச் சொல்லி உள்பக்கத்தைப் பாருங்கள். ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் தெரிந்தால் பழைய ரிப்பேர்காரர்கள் போட்ட சர்வீஸ் தேதியாகவோ அடையாளமாகவோ இருக்கும். மெஷினில் துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்பதுதான் மதிப்பைத் தீர்மானிக்கும். கண்ணாடிக் கீறலைப் பொருட்படுத்தவே வேண்டாம், அது அக்ரிலிக், தேய்த்தால் போய்விடும். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. ஆகவே உதிரிபாகம் என்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பழைய பைலட் ஒன்று வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் வாட்சில் 12 என்ற எண்ணே ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி அச்சாகியிருக்கிறது. மெஷின் சரியான நேரம் காட்டினாலும் டயல் அரை நிமிடம் பொய் சொல்கிறது. மணி பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் நிற்கும். இன்னொரு நல்ல டயல் வாங்கிப் போடலாமே என்கிறார்கள். போட்டால் அது வேறு யார் வீட்டு ஜனதாவின் டயலாகவோ இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, இதுவும் பிடிக்கவில்லை, கட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நண்பருடையது நிஜமான பைலட்டாக இருந்தால் அதிர்ஷ்டம். எதுவாக இருந்தாலும் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, "டயலைத் தொடக்கூடாது, கேஸைப் பாலிஷ் போடக்கூடாது" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் சார்" என்று பதில் வந்தால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.