கொட்டலசு பற்றிய காணொளிப் பாடத்தொடர்: ஒரு மதிப்புரை

பிற கடல் உயிரினங்களின் மேல் கொட்டலசுகள் (barnacles எனப்படும், ஓடுள்ள சிறு கடலுயிரிகள்) எவ்வாறு ஒட்டிக்கொள்கின்றன, அதனால் அந்த உயிரினங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை விளக்கும் காணொளிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் கட்டணம் செலுத்திப் பார்த்து முடித்தேன். கடலாமையின் ஓட்டிலிருந்து கொட்டலசுகளைக் கத்தியால் பெயர்த்தெடுக்கும் காணொளிகளை நற்செயல் என்று நம்பிப் பகிர்பவர்கள் அனைவரும் இதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தொடரின் சிறந்த பகுதி, ஒட்டும் முறையை விளக்கும் பாடம். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான இவ்வுயிரியின் சிப்ரிட் லார்வா, அதாவது ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய இளம்பருவம், இரை உண்பதில்லை. தங்குமிடம் தேடுவதே அதன் வேலை. அது தன் உணர்கொம்புகளால் பரப்பின் மேல் அடியடியாக நடந்து, இடத்தைச் சோதித்து, பொருத்தமான இடம் கிடைத்ததும் தலைப்பக்கத்தை அழுத்தி, தானே சுரக்கும் பசையால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதை நுண்ணோக்கிப் படங்கள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மேல் வாழும் கொரோனுலா என்னும் கொட்டலசோ பசையை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் ஓட்டின் மடிப்புகளுக்குள் திமிங்கிலத்தின் தோலே வளர்ந்து புகுந்துவிடுவதை வெட்டுமுகப் படத்தில் பார்த்த பிறகுதான், அவ்வளவு வேகமாக நீந்தும் உடலிலிருந்து அது ஏன் உதிர்வதில்லை என்பது எனக்கு விளங்கியது. இவை திமிங்கிலத்தை உண்பதில்லை, நீரில் வரும் மிதவை உயிரிகளையே வடித்து உண்கின்றன என்பதையும், நீந்தும்போது ஏற்படும் இழுவையே இவை தரும் சுமை என்பதையும் ஆசிரியர் மிகைப்படுத்தாமல் சொல்கிறார்.

ஆமைப் பாடம் இன்னும் பயனுள்ளது. ஓடு முழுவதும் கொட்டலசு மூடியிருப்பது பெரும்பாலும் நோயின் விளைவு. நலிந்த ஆமை மந்தமாக மிதப்பதால்தான் அவை பெருகுகின்றன. தோலில் புதைந்து வளரும் இனங்களைப் பிடுங்கினால் புண் உண்டாகும். ஓட்டின் கொம்புத் தகடுகளுக்கு அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. ஆகவே மீட்பு மையங்களில் ஆமையை நன்னீரில் வைத்து, கொட்டலசுகள் இறந்த பிறகே மெல்ல அகற்றுகிறார்கள்.

குறை என்று சொல்வதானால், ஒட்டுண்ணியாக வாழும் கொட்டலசு இனங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது. அவற்றுள் ஒன்றான சாக்குலினா, நண்டின் உடலுக்குள் வேர்போல் பரவி, அதன் இனப்பெருக்கத் திறனை அழித்து, ஆண் நண்டின் வயிற்றுப்பகுதியையும் பெண் நண்டினுடையதைப்போல் அகலமாக்கி, தன் முட்டைப்பையைச் சொந்த முட்டைகளாக எண்ணிப் பேணச் செய்கிறது. இத்தொடரிலேயே மிகக் கடுமையான பாதிப்பு இதுதான்; இது அவசரமாகக் கடந்து செல்லப்படுகிறது. சுறாவின் சதையில் வேரூன்றும் மற்றோர் இனமான அனெலாஸ்மாவோ பெயரளவில்கூட இடம்பெறவில்லை. அடுத்த பதிப்பில் இவ்விரண்டுக்கும் தனிப் பாடம் ஒன்று சேர்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.