கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1000 சிசி, மூன்று சிலிண்டர். முதல் ஐந்து வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனது. அப்புறம் வளசரவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஷெட். இரண்டு பக்கமும் காசு கொடுத்துப் பார்த்தாயிற்று. நான் இப்போது ஷெட் கட்சி.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, கம்பெனிக்கே விடுங்கள். வெளியே பிரித்துப் பார்த்த வண்டிக்கு நாளைக்கு வாரண்டி கேட்டுப் போனால் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வழக்கமான சர்வீஸில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில், ஆயில் ஃபில்டர். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து மாற்றுவது, பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. யார் செய்தாலும் அதே வேலைதான். கம்பெனியில் லேபருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும். கூடவே டிகார்பனைசிங், ஏசி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று அட்வைசர் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே போவார். 'வேண்டாம்' என்று சொல்லப் பழகிவிட்டால் அந்தச் செலவும் பாதி குறைந்துவிடும். ஆக, பில் தொகையை வைத்து நான் கட்சி மாறவில்லை.

மாறியது ஒரு கோளாறால். 2020 ஆயுத பூஜை முடிந்த வாரம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் கிடந்து உதறுகிறது, ஸ்டியரிங் வரைக்கும் அதிர்வு. போரூர் மேம்பாலம் ஏறும்போது பிக்கப்பே இல்லை. செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. அந்த லைட் நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். மின்னினால் ஓரம் கட்டுவதுதான் நல்லது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால் அதுவும் காலி.

முதலில் போனது சர்வீஸ் சென்டர். ஸ்கேனர் போட்டார்கள், பி0302 என்று கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். எஸ்டிமேட்டில் மூன்று இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது), மூன்று பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங். மொத்தம் 14,000 சொச்சம். "இதுல சரியாகலைன்னா ஈசிஎம் செக் பண்ணணும் சார்" என்றார் அட்வைசர். ஈசிஎம் என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் பேசுகிறவர் வண்டியைத் தொடுவதில்லை, வண்டியைத் தொடுகிறவரை நான் பார்க்கவே முடியாது. சந்தேகம் உள்ள பார்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் வண்டி திரும்பி வராது என்பது அவர்கள் கணக்கு.

கையெழுத்துப் போடாமல் ஷெட்டுக்கு வந்தேன். ஷெட் மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். அங்கே இருந்ததை இங்கே. ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அதே உதறல். திரும்ப ஸ்கேன் பண்ணினால் இப்போது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. பிளக்கோ இன்ஜெக்டரோ காரணமாக இருந்திருந்தால் கோடு 0302லேயே நின்றிருக்கும். கால் மணி நேர வேலை.

அதோடு விடவில்லை. பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிளக் தலையில் துரு.

"இன்ஜின் மேல தண்ணி அடிச்சீங்களா சார்?"

"பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டேன் பாய்."

"அதான். பிரஷர்ல அடிச்ச தண்ணி உள்ள எறங்கி நின்னிருக்கு. காயில் ரப்பர்லயும் வெடிப்பு."

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு காயிலும் பிளக் செட்டும் வாங்கிவந்தேன். லேபர் 500. எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டவில்லை. எனக்கு அந்தப் பதினோராயிரத்தைவிடப் பெரிதாகப் பட்டது அவர் கேட்ட கேள்விதான். மூன்று காயிலும் புதிதாகப் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷமும் தண்ணி அடித்திருப்பேன்.

இதற்காக எல்லா ஷெட்டையும் நம்பச் சொல்லவில்லை. டிரம்மில் இருந்து ஆயில் ஊற்றும் இடங்கள் உண்டு. நான் சீல் உடைக்காத கேனை நானே வாங்கிக் கொடுத்துவிடுவேன். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிற ஷெட் அபூர்வம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கை முரட்டுத்தனமாக முறுக்கினால் திரெட் போய்விடும். பிளக்கை முதலில் விரலால் திருகி ஏற்றுகிறாரா என்று பாருங்கள், ஆளைத் தெரிந்துவிடும். வண்டியைக் காட்டுமுன் நீங்களாகக் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும்.

ஏர்பேக் லைட், ஏபிஎஸ், சாவி புரோகிராமிங், இன்ஷூரன்ஸில் செய்யும் டிங்கரிங் வேலை, இதற்கெல்லாம் நான் இன்றைக்கும் கம்பெனிக்குத்தான் போவேன். ஏதோ குறை என்று கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடும் ரீகால் வந்தால் சொல்லவே வேண்டாம், இலவசம். கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறும் ஏஎம்டி கியர்பாக்ஸ் நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கே வந்து எடுத்துப் போகும் மல்டிபிராண்ட் கடைக்கு ஒரே ஒருமுறை விட்டேன். குறையும் இல்லை, வேலை செய்தவர் முகமும் தெரியவில்லை.

விற்கும்போது கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு இருந்தால் விலை கூடும் என்பார்கள். நான் இதுவரை விற்றது ஒரே கார். வாங்க வந்தவர் ரெக்கார்டைப் புரட்டக்கூட இல்லை, கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். மூன்று நான்கு வருஷத்தில் விற்கிறவர்களுக்கு அது உதவலாம்.

போன ஆயுத பூஜைக்கு வண்டியை வாசலிலேயே வாளித் தண்ணீரில் கழுவினேன். பானெட்டைத் திறக்கவில்லை. மேலே சந்தனம், குங்குமம்; டயருக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம்.