கணக்காய்வு அலுவலகமா, அரிசி ஆலையா, வங்கியா?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைக்கு விடுமுறையில் இரண்டு மாதம் பயிற்சிக்கு இடம் தேடினால், வீட்டார் முதலில் சொல்வது வங்கியைத்தான். கழுத்துப்பட்டி, குளிரூட்டிய அறை, பயிற்சி முடிவில் பெயர்பெற்ற இலச்சினையோடு ஒரு சான்றிதழ் என்று அதற்கான காரணங்களும் தயாராக இருக்கும். மூன்று வகை அலுவலகங்களிலும் வெவ்வேறு காலங்களில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், வங்கியை மூன்றாவது இடத்திலேயே வைப்பேன்.

வங்கியில் குறை மனிதர்களிடம் இல்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் வாடிக்கையாளர் விபரங்களை இரகசியமாகப் பேணும்படி ஊழியர்களைக் கட்டுப்படுத்துவதால், சில வாரங்களில் போய்விடும் மாணவனுக்குக் கணினியின் கடவுச்சொல்லை எவரும் கொடுக்க மாட்டார்கள். நான் இருந்த கிளையில் முதல் மூன்று வாரமும் அடையாள அட்டைகளைப் போட்டோப் பிரதி எடுத்துக் கோவையில் இட்டதே என் வேலை. வரிசையில் நிற்பவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததில் பேச்சு வளர்ந்தது, கணக்கறிவு வளரவில்லை.

மட்டக்களப்பு நகரில் மாடிப்படி ஏறிப் போகும் சிறிய கணக்காய்வு அலுவலகம் இதற்கு நேர்மாறானது. வருமான வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, எஞ்சிய வரியைச் செப்டெம்பர் 30க்குள் செலுத்த வேண்டும், விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். எனவே விடுமுறை ஓகஸ்ட், செப்டெம்பரில் அமைந்தால் மாணவன் போய்ச் சேருவது வேலை தலைக்கு மேல் நிற்கும் நேரத்தில். கையில் எதையாவது கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு வழியில்லை. எனக்குக் கிடைத்தது ஓர் இரும்புக்கடையின் பற்றுச்சீட்டுகள் அடங்கிய சொப்பிங் பை. சில சீட்டுகளில் மை முற்றாக மங்கியிருந்தது, இரண்டின் பின்புறத்தில் யாரோ கூலிக்கணக்கு எழுதியிருந்தார்கள். அவற்றைத் திகதிவாரியாக அடுக்கி, காசேட்டோடு ஒப்பிட்டு, காசேட்டு மீதியையும் வங்கி காட்டும் மீதியையும் பொருத்திப் பார்க்கும் வங்கி இணக்கக் கூற்றைத் தயாரித்தபோது 4,500 ரூபாய் இடித்தது. வங்கிக்கு இன்னும் வராத ஒரு காசோலைதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் போனது. விரிவுரையில் பத்து நிமிடத்தில் கடந்த பாடம் அது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம், தொழில்தருநரின் 12 வீதம் என்பதையும் அங்கேதான் சம்பளப் பட்டியலில் வைத்துக் கணித்தேன். கொடுப்பனவு பெரும்பாலும் பஸ் காசோடு நின்றுவிடும். பட்டயக் கணக்காளர் படிப்புக்கான பயிற்சிக்காலமாக இதைக் கணக்கிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அதற்கு முறைப்படி பதிவு செய்த பயிற்சி ஒப்பந்தம் வேண்டும்.

அரிசி ஆலையை யாரும் அலுவலகமாகவே கருதுவதில்லை என்பது எனக்கு வியப்புத்தான். சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் ஓகஸ்ட் என்பது சிறுபோக நெல் வந்து குவியும் மாதம். கச்சான் காற்றில் தூசி பறக்கும், பேரேட்டின் மேல் உமி படியும். முதல் நாள் நான் கணக்குப் புத்தகத்தைக் கேட்டபோது முதலாளி, "தம்பி, முதல்ல மூடைய எண்ணிட்டு வாங்க, மறுகா கணக்கப் பாப்பம்" என்றார். அவர் சொன்னதன் பொருள் இரண்டாம் வாரத்தில்தான் விளங்கியது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கும் நெல்லை வாங்கினால், காயக் காய நிறை குறையும். ஏட்டிலுள்ள இருப்பும் களஞ்சியத்திலுள்ள இருப்பும் பொருந்தாது. நூறு கிலோ நெல்லில் அரிசியாகத் தேறுவது ஏறத்தாழ 65 கிலோ. தவிடும் குறுணலும் தனியாக விலைபோவதால், ஒரு கிலோ அரிசியின் கிரயத்தைக் கணிக்கும்போது அந்த வருமானத்தைக் கழிக்க வேண்டும். கிரயக் கணக்கியலில் துணைப் பொருள் என்று படித்தது இங்கே சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் பயிற்சி அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடும் மேற்பார்வையாளர் அங்கே அரிது. பீடம் கேட்கும் படிவங்களை நாமே விளக்கி நிரப்புவிக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து தினமும் போய்வருவதும் இலேசல்ல, வழியிலுள்ள கல்முனைக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர்.

கணக்காளராக வர நினைப்பவருக்குக் கணக்காய்வு அலுவலகமே என் முதல் தெரிவு. சொந்தத் தொழிலோ குடும்பக் கடையோ மனதில் இருப்பவர் கல்முனைப் பக்கம் தங்க ஓர் உறவினர் வீடு பார்த்துக்கொண்டு ஆலைக்குப் போகலாம். வங்கி வேலைதான் இலக்கு என்றால் வங்கிக்கே போகலாம், ஆனால் சேரும் முன்பே எந்தெந்தப் பிரிவில் எத்தனை நாள் என்று முகாமையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.